இடுப்பில் இருப்பதை மறப்பது எப்படி

எனக்கு வயிறு வைத்துவிட்டது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தக் கதை முழுக்க அந்த வயிற்றுக்கும் பெல்ட்டுக்கும் இடையில்தான் நடந்தது.

நான் மொன்றியலில் பொலிஸ் வேலை செய்கிறவன். நெடுங்காலம் சீருடையில் திரிந்தேன். அப்போதெல்லாம் பிஸ்டல் வெளியே, அகலமான பெல்ட்டில், கைவிலங்கு, தடி, வோக்கி என்று மற்றச் சாமான்களோடு சேர்ந்து தொங்கும். ஊரே பார்க்கும். அதனால் அதைப் பற்றி நான் நினைத்ததேயில்லை. போன வருடம் மாரி தொடங்கும்போது, சாதாரண உடுப்பில் திரிகிற ஒரு சிறிய குழுவுக்கு என்னை மாற்றினார்கள். தெருவில் பெண்களின் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவர்களைப் பிடிப்பது எங்கள் வேலை. பிஸ்டல் இப்போது காற்சட்டைக்கு உள்ளே, வலது இடுப்பில். மேலே சட்டை. ரவை ஏற்றியபடியே இருக்கும். தனியாக ஒரு பூட்டும் கிடையாது. உருவி விசையை அழுத்தினால் வெடிக்கும். கத்தியோடு ஒருவன் பாய்ந்து வரும்போது "கொஞ்சம் பொறு அண்ணை, ஏத்திப்போட்டு வாறன்" என்று சொல்ல முடியாதல்லவா, அதற்காக.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நானே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வகுப்பெடுத்திருக்கிறேன். உறைக்குள் இருக்கும்வரை விசையை ஒன்றும் தொடாது, தொடாமல் அது வெடிக்காது, பயப்படாதேயுங்கள் என்று. முதல் நாள் அதை உள்ளே செருகிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் அதன் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒரு யோசனை வந்தது. அவ்வளவுதான், நான் எடுத்த வகுப்பெல்லாம் கதவைத் திறந்துகொண்டு இறங்கிப் போய்விட்டது. அந்த இடத்தைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. பிள்ளை பெற்று வளர்த்தாயிற்று என்றாலும் ஒரு மனிதனுக்குப் பாசம் இருக்கும்தானே. மொன்றியல் தெருக்களில் குழிக்கும் குறைவில்லை. ஒவ்வொரு குழியிலும் கார் விழுந்து எழும்பும்போது நான் முருகா என்றேன். பக்கத்தில் இருந்த எங்கள் சார்ஜன்ட் அதை ஏதோ தமிழ்ப் பழமொழி என்று நினைத்தாள்.

இவ்வளவு பயம் என்றால் ஏன் இந்த வேலைக்குக் கேட்டாய் என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவுக்காகக் கேட்டேன்.

அம்மா எங்களோடு பியர்பொன்ட்ஸ் வீட்டில் இருக்கிறா. நான் சீருடையில் போன காலமெல்லாம் அவ முன்னறை ஜன்னலடிக் கதிரையில் குந்திக்கொண்டு இருப்பா. எந்த நேர வேலை என்றாலும் கார் வரும்வரை அந்தக் கதிரை. நான் வந்து சப்பாத்தைக் கழற்றினால்தான் அவவின் கோப்பையில் சோறு விழும். பிரஷர் ஏறி, மருந்து கூடி, மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் அம்மா தூங்கவேண்டும்" என்று சொன்னார். தூங்கு என்று சொன்னால் தூங்குகிற மனிசியா அவ? சீருடையைக் காணாவிட்டால் துப்பாக்கியில்லாத வேலை என்று நம்பித் தூங்குவா என்று கணக்குப் போட்டேன்.

முதல் நாள் நான் கட்டம்போட்ட சட்டையோடு வெளிக்கிட்டபோது அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"எங்கை உடுப்பு?"

"இனி இதுதான் அம்மா உடுப்பு."

"அப்ப அது?"

துப்பாக்கிக்கு எங்கள் பேச்சில் துவக்கு என்று பெயர். அந்தச் சொல்லை அம்மா எங்கள் வீட்டில் சொல்லமாட்டா. அது என்றுதான் சொல்லுவா.

"அது ஸ்டேஷனிலை கிடக்கு அம்மா."

சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. வேலை முடிந்ததும் பிஸ்டலை ஸ்டேஷன் அலுமாரியில் பூட்டிவிட்டுத்தான் எல்லோரும் வீட்டுக்குப் போவோம். அம்மா கேட்ட நேரத்தில் அது அங்கேதான் கிடந்தது. சட்டத்தரணிகள் இப்படிக் கதைக்கத்தான் சம்பளம் வாங்குகிறார்கள். அம்மா அந்தக் கிழமையே கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தா. அதன்பிறகு நான் வேலையால் வரும்போது முன்னறைக் கதிரை வெறுமையாக இருக்கும். அறைக்கதவு சாத்தியிருக்கும். எட்டிப் பார்த்தால் தலைவரை போர்த்துக்கொண்டு கிடப்பா. என் மனைவி உதட்டில் விரலை வைப்பாள்.

"மாமி நல்ல நித்திரை. நீங்கள் வாயைத் திறந்து ஒண்டும் சொல்லிப்போடாதேங்கோ."

நான் ஏன் சொல்லுகிறேன்?

நித்திரை வந்ததும் அம்மாவுக்கு ஊக்கமும் வந்துவிட்டது. கடைக்குப் போன இடத்தில் எனக்குச் சட்டைகள் வாங்கி வந்தா. எல்லாம் என் அளவைவிட ஓர் அளவு பெரிது. "வயிறு வைச்சிட்டுது ராசா. இறுக்கிப் பிடிச்சா வடிவில்லை" என்றா. எனக்குச் சுருக்கென்றது. போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றேன். சட்டை பாதித் தொடைவரை வந்தது. "முதல் நாள் பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி இருக்கிறியள்" என்று மனைவி சிரித்தாள். ஆனாலும் வேலைக்கு அது நன்றாகவே உதவியது. அதனால் அவமானத்தை விழுங்கிக்கொண்டு போட்டேன்.

மாரிகாலம் ஒருவழியாகப் போயிற்று. பெரிய குளிர்க்கோட்டுக்குள் பிஸ்டல் என்ன, ஓர் ஆட்டுக்குட்டியைக்கூட ஒளிக்கலாம். பிரச்சினை கோட்டைக் கழற்றியபிறகுதான் வந்தது. மெல்லிய சட்டையோடு வெயிலில் நடக்கத் தொடங்கியதும், உலகத்தில் உள்ள எல்லோரும் என் வலது இடுப்பையே பார்க்கிறார்கள் என்று தோன்றியது. மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள். நிமிடத்துக்கு ஒருதரம் என் கை தானாகப் போய் அதைத் தடவிப் பார்க்கும். இருக்கிறதா? இருக்கிறது. சட்டை மூடியிருக்கிறதா? மூடியிருக்கிறது. சரி. கையை எடுத்தால் மறுபடி சந்தேகம்.

சார்ஜன்ட் என்னைவிட வயது குறைந்தவள். கியூபெக்கில் ஏதோ சின்ன ஊரில் மாட்டுப்பண்ணையில் பிறந்தவள். வார்த்தைகளை வீணாக்கமாட்டாள்.

"உன்னைப் பார்த்தால் காற்சட்டை கழன்று விழப்போகிறவன் மாதிரி இருக்கிறது" என்றாள் பிரெஞ்சில். "திருடன் முட்டாள் இல்லை. நீ எங்கே தொடுகிறாயோ அங்கேதான் அவன் பார்ப்பான். அது உன்னிடம் இருப்பதை மறக்கப் பழகு. கோடை முடியும்வரை உனக்குச் சோதனைக் காலம். பழகாவிட்டால் திரும்பச் சீருடைதான்."

திரும்பச் சீருடை என்றால் அம்மா திரும்பக் கதிரைக்கு வந்துவிடுவா.

நான் பழகத் தொடங்கினேன். ரவை எடுத்த வெறும் பிஸ்டலை இடுப்பில் வைத்துக்கொண்டு அலுவலகத்துக்குள் நடந்தேன், குனிந்தேன், கதிரையில் இருந்து எழுந்தேன். கதிரைக் கையில் அது டக்கென்று இடிபடும். எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். நான் இருமுவேன். பேந்து ரவை ஏற்றியதோடு நடந்தேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஒரு டெப்பனர், தெருமுனைப் பலசரக்குக் கடை, எங்கள் ஆள் ஒருவருடையது. அவர் கடையில் கோப்பி வாங்கப் போவேன். நான் கவனமாகக் குனிந்து, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு பால் பெட்டியை எடுப்பதை அவர் சிலநாட்கள் பார்த்துக்கொண்டே இருந்தார். ஒருநாள் கல்லாவுக்கு மேலால் எட்டி, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அண்ணை, குறை நினையாதேங்கோ. ஹேர்னியாவோ?"

நான் என்ன சொல்ல? இல்லை, ரவை ஏற்றிய பிஸ்டல் என்றா? "ஓம், கொஞ்சம்" என்றேன்.

எங்கள் சனத்துக்கு ஒரு வருத்தத்தைச் சொல்லிவிட்டால் போதும், பேப்பரில் போடத் தேவையில்லை. அந்த ஞாயிறு கோயிலில் ஆளாளுக்கு எனக்குச் சத்திரசிகிச்சை நிபுணர்களைச் சிபாரிசு செய்தார்கள். ஒருவர் தன் சட்டையை விலக்கித் தையல் அடையாளத்தையே காட்டினார். அம்மாவின் காதுக்குப் போகாமல் இருக்குமா? வீட்டுக்கு வந்ததும் உள்ளிப்பூண்டு போட்டுக் காய்ச்சிய பால் ஒரு பெரிய குவளையில் வந்தது.

"பாரம் தூக்காதை. முக்காதை. குடி" என்றா.

அந்தக் கோடை முழுக்க நான் உள்ளிப்பால் குடித்தேன். காருக்குள் சார்ஜன்ட் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டுதான் இருந்தாள்.

இனித்தான் பெரிய கூத்து. ஜான்-டலோன் சந்தையில், சனம் நிறைந்த ஒரு காலை. தக்காளிக் கன்றுகளும் இத்தாலியத் துளசிக் கன்றுகளும் அடுக்கிவைத்திருக்கிற ஒரு கடையோரம் நான் நின்றேன். கன்று வாங்குகிறவன் மாதிரி நிற்கவேண்டும், கண் சனத்தில் இருக்கவேண்டும். நான் அளவுக்குமீறி நின்றுவிட்டேன் போல. அந்தப் பக்கமாக வந்த ஒரு சீருடைப் பொலிஸ் பெடியன், எங்கள் குழுவைப் பற்றி ஒன்றும் அறியாதவன், என்னைச் சந்தேகப்பட்டு நேராக வந்தான். "போன்ஜூர், மொசியு" என்று வணக்கம் சொன்னான்.

நான் செய்யவேண்டியது இதுதான்: இரண்டு கையையும் விரித்துக் காட்டி, நானும் பொலிஸ் என்று வாயால் சொல்லவேண்டும். இதையும் நான் வகுப்பெடுத்திருக்கிறேன். நான் செய்தது என்ன தெரியுமா? இரண்டு கையாலும் சட்டையைப் பிடித்து, மார்புவரை தூக்கி, வயிற்றைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

திருகோணமலையில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ஆமியின் காவலரணான சென்றியைக் கடக்கிற இளந்தாரிகள் தூரத்திலேயே நின்று, சட்டையைத் தூக்கி, இடுப்பில் ஒன்றும் இல்லை என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டவேண்டும். துவக்கு நீட்டியபடி நிற்கிற ஆமிக்காரன் தலையாட்டினால்தான் அடுத்த அடி. அப்பா நோயில் போனபிறகு அம்மா என்னைத் தனியாக எங்கும் விடமாட்டா. ரியூஷனுக்கும் கூடவே வருவா. சென்றியடியில் என்னை முந்திக்கொண்டு போய், தன் கையாலேயே என் சட்டையைத் தூக்கிக் காட்டுவா. தனக்குத் தெரிந்த நாலு சிங்களச் சொல்லில், "மகே புத்தா. முக்குத் நே" என்பா. என் மகன், ஒன்றுமில்லை என்று அர்த்தம். சைக்கிளில் போகிற பெட்டையளுக்கு முன்னால் என் தொப்புள் தினமும் காட்சிக்கு வைக்கப்பட்டது. வெட்கத்தில் செத்தேன். ஆனால் அப்போது வயிறு தட்டை, அது ஓர் ஆறுதல்.

சீருடை போட்டிருந்த வருடங்களில் இந்தப் பழக்கம் எங்கே போய்ப் படுத்திருந்தது என்று தெரியாது. வெளியே தொங்கவிட்ட சட்டையோடு நான் நிற்க, எதிரே துவக்குக் கட்டிய ஒருவன் வந்து நின்றதும் அது துள்ளி எழும்பிவிட்டது. மூளையிடம் ஒரு சொல் கேட்கவில்லை. வித்தியாசம் என்னவென்றால், இந்தமுறை இடுப்பில் இருந்தது.

பெடியன் கத்தினான். துவக்கு உருவினான். அவன் விரல் விசைக்குப் போவதை நான் பார்த்தேன். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு மூளை திரும்பி வந்தது. "பொலிஸ், பொலிஸ்" என்று கத்திக்கொண்டு விழுந்தேன். முகம் துளசிக் கன்றுகளுக்குள். முதுகில் அவன் முழங்கால். கடைக்காரர் தன் கன்றுகள் போச்சே என்று ஒருபக்கம் கத்துகிறார். சார்ஜன்ட் ஓடிவந்து அடையாள அட்டையைக் காட்டி என்னை எழுப்பியபோது என் மூக்குக்குள் மண். கைவிலங்கைக் கழற்றுகையில் பெடியன் என்னிடம் மன்னிப்புக் கேட்டான். நான் அவனிடம் கேட்டேன். இரண்டு பேரும் மாறிமாறிக் கேட்டுக்கொண்டே நின்றோம்.

காருக்குள் ஏறியதும் சார்ஜன்ட் ஜன்னலை இறக்கினாள். பேந்து ஏன் என்று கேட்டாள். சென்றியைச் சொன்னேன். அம்மாவைச் சொன்னேன். அவள் என் முகத்தில் ஒட்டியிருந்த துளசி இலையை எடுத்து வெளியே போட்டாள்.

"எனக்கு விளங்குகிறது" என்றாள். "ஆனால் அவன் கொஞ்சம் அவசரப்பட்டிருந்தால் உன் அம்மாவிடம் நான்தான் போய்ச் சொல்லியிருக்கவேண்டும். இன்னொருமுறை இப்படி நடந்தால் உன்னை வைத்திருக்கமாட்டேன். கோபத்தில் சொல்லவில்லை."

கோபத்தில் சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து வீட்டில் பயிற்சி தொடங்கியது. மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் அழுதாள், பிறகு ஏசினாள், பிறகு பயிற்சியைத் தானே கையில் எடுத்தாள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பேன். அவள் திடீரென்று அகப்பையோடு திரும்பி, "போன்ஜூர் மொசியு!" என்பாள். நான் உடனே இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே விரித்துக் காட்டவேண்டும். முதல் கிழமை ஒவ்வொருமுறையும் சட்டைதான் தூக்கினேன். "ஐயோ கடவுளே, அந்த வயித்தை மூடுங்கோ" என்று அகப்பையால் ஒரு தட்டு விழும். எங்கள் மகளும் சேர்ந்துகொண்டாள். படிக்கட்டில், குளியலறை வாசலில், டிவிக்குப் பின்னால் இருந்தெல்லாம் "போன்ஜூர் மொசியு!" கேட்டது. சொந்த வீட்டில் நான் பேய்வீட்டுக்குள் நடக்கிறவன் மாதிரி நடந்தேன். அம்மா கதிரையில் இருந்து இதெல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு கீரை ஆய்ந்தா. ஹேர்னியாவுக்கு ஏதோ தேகப்பயிற்சி என்று நினைக்கிறா என்று நாங்கள் எங்களுக்குள் சிரித்தோம்.

கோடை முடிகிற நேரத்தில் கோயில் தேர் வந்தது. தேருக்கு எங்கள் பெண்கள் கழுத்து நிறையப் போட்டுக்கொண்டு வருவார்கள். அறுக்கிறவனுக்கும் அது தெரியும். சார்ஜன்ட் என்னைக் கூப்பிட்டாள்.

"நீ உள்ளே நில். நாங்கள் வெளியே நிற்கிறோம்."

"உள்ளே ஆண்கள் சட்டையோடு நிற்கமுடியாது. கழற்றவேண்டும்."

"கழற்று."

"அப்போ பிஸ்டல்?"

"கீழே என்ன உடுப்பாய்?"

"வேட்டி. ஒரு நீளமான துணி. சுற்றிக் கட்டுவது."

"அது விழாமல் எப்படி நிற்கிறது?"

"கடவுள் நம்பிக்கையில்."

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். யோசித்தாள். "நீ வெளியே நில்" என்றாள்.

ஆகவே தேர் தெருவுக்கு வந்தபோது நான் மோர்ப் பந்தலடியில், அம்மா வாங்கித் தந்த பெரிய சட்டையோடு நின்றேன். வெறும் மேலோடு வடம் பிடிக்கிற ஆண்களுக்கு நடுவில் நான் ஒருவன்தான் சட்டைக்காரன். தெரிந்தவர்கள் கடந்துபோகும்போது என் இடுப்பைப் பார்த்துத் துக்கமாகத் தலையாட்டினார்கள். மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஐயா ஒருவர், நிறைந்த வாளியைக் காட்டி, "தம்பி, இதை ஒருக்கா மேசையிலை தூக்கி வைய்" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு, "ஐயோ வேண்டாம், வேண்டாம். உமக்கு ஹேர்னியா எல்லே" என்றார்.

பக்கத்தில் நின்ற பெண்கள் என்னைப் பார்த்து இச்சுக்கொட்டினார்கள். எனக்கு ரோசம் வந்துவிட்டது. ஒரே தூக்கு. வாளி மேசைக்குப் போயிற்று. சட்டையும் அதோடு மேலே போய், பிஸ்டல் பிடியில் கொளுவிக்கொண்டு நின்றது. அது எனக்குத் தெரியவில்லை. வாளி தூக்கிய பெருமையில் நின்றேன்.

அப்போது வாகனங்களை மறித்துக்கொண்டு நின்ற சீருடைப் பொலிஸ் ஒருத்தன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என் பக்கம் வந்தான். முன்பின் தெரியாத முகம். "போன்ஜூர், மொசியு."

என் வலது பக்கம் காற்றுப்படுவதை அந்தக் கணத்தில்தான் உணர்ந்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். சந்தை, துளசி, விசைக்குப் போன விரல், சீருடை, ஜன்னலடிக் கதிரை எல்லாம் ஒரே சுருட்டாய் வந்தது. என் கைகள் அசைந்தன. அவை எங்கே போகின்றன என்று எனக்கே தெரியாது.

அதற்குள் பின்னால் இருந்து ஒரு கை வந்தது. திருநீறு ஒட்டிய கை. அது கொளுவி நின்ற சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, மூடி, அந்த இடத்திலேயே உள்ளங்கையை வைத்துப் பொத்திக்கொண்டது. அம்மா. மற்றக் கையில் அருச்சனைத் தட்டு. என்னை முந்திக்கொண்டு ஓர் அடி முன்னால் வந்து நின்று, அந்தப் பொலிஸ்காரனை அண்ணாந்து பார்த்து, தனக்குத் தெரிந்த நாலு இங்கிலீசுச் சொல்லில் சொன்னா.

"மை சன். நத்திங்."

பொலிஸ்காரன் சிரித்தான். இந்த மோர் எல்லோருக்கும் கொடுப்பதா, தானும் குடிக்கலாமா என்று கேட்டான். அவனுக்கு ஒரு பேணி மோர் நீட்டப்பட்டது. பச்சைமிளகாய் கடிபட்டு அவன் கண்கலங்கி நிற்கும்போதுதான் நான் என் கைகளைப் பார்த்தேன். இரண்டும் நெஞ்சுக்கு நேரே விரிந்து நின்றன. மனைவியின் அகப்பைக்கு நன்றி.

அம்மா கையை எடுக்கவில்லை. துணிக்கு மேலால் அதைப் பிடித்துக்கொண்டே நின்றா.

"அம்மா, அது வந்து..."

"எனக்குத் தெரியும்."

"எப்ப தொடக்கம்?"

"நீ இந்த வேலைக்குப் போட்டு வந்த முதல் நாளே தெரியும். உடுப்புக்குள்ளை துவக்கு வைச்சுக்கொண்டு திரிஞ்ச பெடியள் எத்தினை பேரை எங்கடை ஒழுங்கையிலை கண்டிருப்பன்? ஒரு கை வீசி நடக்கும், மற்றக் கை வீசாது. நீயும் வீட்டுக்குள்ளை அப்பிடித்தான் நடக்கிறாய்."

முதல்முறையாக அந்தச் சொல்லை அவவின் வாயில் கேட்டேன்.

"அதுக்குத்தானே பெரிய சேர்ட்டா வாங்கித் தந்தனான்? நீ வயிறெண்டு நினைச்சுக்கொண்டு மூஞ்சையை நீட்டினாய்."

"அப்ப ஹேர்னியா?"

"கோயிலிலை சனம் வந்து கேக்குது, மகனுக்கு இடுப்பிலை என்ன எண்டு. நான் வேறை என்னத்தைச் சொல்லுறது? ஓம், பெரிய ஹேர்னியா எண்டனான்."

"பேந்தேன் எனக்கு உள்ளிப்பால் தந்தனீங்கள்?"

"ஹேர்னியாக்காரனுக்கு வைத்தியம் பாக்காட்டி சனம் நம்புமே?"

நான் புலனாய்வுக்காரன். அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என்னைத் துப்புத் துலக்கிய மனிசியை எனக்குத் துலக்கத் தெரியவில்லை. அம்மா என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டு, தட்டோடு தேருக்குப் பின்னால் போய்விட்டா.

அன்று சங்கிலி அறுக்கிறவன் எவனும் வரவில்லை. பின்னேரம் பிஸ்டலைப் பூட்டிவைக்க ஸ்டேஷனுக்குப் போனபோது சார்ஜன்ட் கதவடியில் நின்றாள். தெருவின் எதிர்ப்பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள்.

"உன் கை சரியாக இருந்தது" என்றாள். "சட்டை சரியில்லை. அந்த அம்மாள் யார், எங்கள் குழுவில் சேருவாளா?"

என்னை வைத்துக்கொண்டார்கள். அந்தச் செய்தியோடு, கோயிலில் காத்துக்கொண்டிருந்த அம்மாவை ஏற்றிக்கொண்டு பியர்பொன்ட்ஸுக்குத் திரும்பினேன். இடுப்பில் ஒன்றும் இல்லை. குழிகளில் கார் விழுந்து எழும்பியது, நான் முருகாவைக் கூப்பிடவில்லை. பாதி வழியில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

"அம்மா, முதல் நாளே தெரியுமெண்டால், பேந்து எப்பிடி இவ்வளவு நாளும் நித்திரை கொண்டனீங்கள்?"

அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு இருந்தா.

"ஆர் நித்திரை கொண்டது? கதிரையிலைதான் இருக்கிறனான். உன்ர கார் ஒழுங்கையிலை திரும்பிற வெளிச்சத்தைக் கண்டாப் பிறகு உன்ர மனிசி எழும்பி வர முன்னம் ஓடிப்போய்ப் போர்த்துக்கொண்டு கிடப்பன். நான் முழிச்சிருக்கிறன் எண்டு தெரிஞ்சா நீ அதையே நினைச்சுக்கொண்டு திரிவாய். அந்த வேலையிலை அப்பிடித் திரியக்கூடாதெல்லே?"

காரை வீட்டு வாசலில் நிறுத்தினேன். அம்மா இறங்கி, சேலையை உதறிக்கொண்டு, எனக்கு முன்னால் படியேறினா.

"இந்த வயசிலை என்னாலை ஓடேலாது தம்பி" என்றா. "நாளையிலிருந்து கதிரையிலேயே இருக்கிறன். நீ வந்து சப்பாத்தைக் கழட்டு, ரண்டுபேரும் சேந்து சாப்பிடுவம்."